லூயிஸ் எதிர்த்த நவீனத்துவம்: விசுவாசம் எந்த இடத்தில் நுழைகிறது?

கேள்வி இது: நார்னியா கதைகளை எழுதியவரும் ஆங்கில இலக்கிய அறிஞருமான சி.எஸ். லூயிஸ் நவீனத்துவக் கவிதையையும் நாவலையும் ஏற்க மறுத்ததற்கு அவருடைய கிறிஸ்தவ விசுவாசம்தான் காரணமா? அப்படியென்றால் அதே ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த டி.எஸ். எலியட் எப்படி நவீனத்துவத்தின் முன்னணிக் கவிஞராக இருந்தார்? இதைப் படித்துப் புரிந்துகொள்ள எங்கிருந்து தொடங்குவது?

முதல் கேள்விக்கு விடை ஆண்டுகளிலேயே இருக்கிறது. வெறுப்பு முதலில் வந்தது, விசுவாசம் பிறகுதான் வந்தது. லூயிஸ் 1919-லும் 1926-லும் கிளைவ் ஹாமில்டன் என்ற புனைபெயரில் இரண்டு கவிதை நூல்களை வெளியிட்டார். இரண்டாவதான ‘டைமர்’, இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்து ஏழடிச் செய்யுளில் அமைந்த நீண்ட கதைப்பாட்டு. எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ 1922-லேயே வந்துவிட்டிருந்தது. ஏழடிச் செய்யுளில் கதை சொல்லும் கவிஞனுக்கு அந்தச் சந்தையில் இடமில்லை. அதே 1926-ல் நண்பர்களோடு சேர்ந்து எலியட் பாணியில் போலிக் கவிதைகள் எழுதி, எலியட் நடத்திய ‘கிரைட்டீரியன்’ இதழுக்கே அனுப்பி அவரை ஏமாற்றத் திட்டம் போட்டதை லூயிஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கடவுள் இருக்கிறார் என்று அவர் ஒப்புக்கொண்டது 1929-ல். அது அவர் தந்த கணக்கு, 1930 என்று திருத்துவோரும் உண்டு. கிறிஸ்துவை ஏற்றது 1931 செப்டம்பரில், நண்பர்கள் டோல்கீனோடும் ஹ்யூகோ டைசனோடும் நள்ளிரவு தாண்டிப் பேசியபடி நடந்த அந்த இரவுக்குச் சில நாட்கள் கழித்து.

ஆக, நவீனத்துவத்தின்மேல் அவருக்கிருந்த கசப்பில் தோற்றுப்போன கவிஞனின் மனத்தாங்கலும் கொஞ்சம் உண்டு. அதை மறைத்துவிட்டு அவரை விசுவாச வீரராக மட்டும் காட்டும் கட்டுரைகளை நம்ப வேண்டாம். ஆனால் மனத்தாங்கல் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று 1926-ல் நின்றிருந்தவர், 1939-க்குள் ‘இது மனிதனைப் பற்றித் தவறாகச் சொல்கிறது’ என்று வாதிடும் இடத்துக்கு வந்துவிட்டார். அந்த நகர்வைச் செய்தது இறையியல்.

மேலே போவதற்கு முன் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் ‘நவீனத்துவம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு விஷயங்களுக்குப் போய்விடுகிறது. ஒன்று எலியட், ஜாய்ஸ், எஸ்ரா பவுண்ட் வழியிலான இலக்கிய இயக்கம். மற்றொன்று விவிலியத்தையும் கோட்பாடுகளையும் நவீன வரலாற்று அறிவுக்கு ஏற்ப மறுவாசிப்பு செய்த இறையியல் போக்கு. பத்தாம் பயஸ் பாப்பரசர் 1907-ல் சுற்றுமடல் எழுதிக் கண்டித்தது அதன் கத்தோலிக்க வடிவத்தை. லூயிஸ் இரண்டையும் எதிர்த்தார், ஆனால் வேறு வேறு ஆயுதங்களால். இறையியல் நவீனத்துவத்துக்கு எதிராக அவர் எடுத்த ஆயுதம் இலக்கிய அறிவு. இலக்கிய நவீனத்துவத்துக்கு எதிராக எடுத்தது இறையியல். இந்தக் குறுக்கு வெட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வாதத்தின் மையம் ‘கிறிஸ்தவமும் இலக்கியமும்’ என்ற சிறிய கட்டுரையில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சமயச் சங்கத்தில் வாசிக்கப்பட்டு, 1939-ல் ‘ரீஹாபிலிடேஷன்ஸ்’ தொகுப்பில் வந்தது. அதில் லூயிஸ் செய்வது எளிய ஒரு வேலை. அன்றைய விமர்சகர்கள் பாராட்டாகச் சொன்ன சொற்களை ஒரு பக்கம் வைக்கிறார்: படைப்பாற்றல், தன்னியல்பு, சுதந்திரம். வசையாகச் சொன்னவற்றை மறுபக்கம் வைக்கிறார்: இரவல், மரபு, விதி. பிறகு புதிய ஏற்பாட்டைத் திறந்து, அது எந்தப் பக்கம் பேசுகிறது என்று பார்க்கிறார். யோவான் 5:19 சொல்கிறது: “பிதாவானவர் செய்யக் குமாரன் காண்கிறதெதுவோ, அதையேயன்றி, வேறொன்றையும் தாமாய்ச் செய்யமாட்டார்.” குமாரனே பார்த்துச் செய்கிறவர். 1 கொரிந்தியர் 11:3-ல் தேவன் கிறிஸ்துவுக்குத் தலை, கிறிஸ்து புருஷனுக்குத் தலை என்று ஒரு படிவரிசை வருகிறது. மேலிருப்பதைக் கீழிருப்பது பிரதிபலிக்கிறது. விசுவாசியின் வாழ்வும் கண்ணாடி சாயலை ஏற்பதுபோல் ஏற்பதுதான். திரித்துவத்துக்குள்ளேயே ‘பார்த்துச் செய்தல்’ மகிமையாக இருக்கும்போது, மனித எழுத்தாளனுக்கு மட்டும் அது எப்படி இழுக்காகும்?

இதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு கடுமையானது. எழுத்தாளன் இதற்கு முன் இல்லாத அழகையோ ஞானத்தையோ தான் உண்டாக்குவதாக ஒருபோதும் நினைக்கக்கூடாது. என்றும் இருக்கும் அழகின் ஒரு நிழலைத் தன் கலையில் ஏந்திக்காட்ட முயல்கிறான், அவ்வளவே. தமிழ் வாசகருக்கு இது அந்நியமாக ஒலிக்காது. “வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதனூல்” என்று தொல்காப்பிய மரபியல் சொன்ன பிறகு, மற்றவர்கள் எழுதுவது வழிநூல்தானே.

இந்த வாதத்தைப் படிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, ‘லூயிஸ் புதுமையே கூடாது என்கிறார்’ என்று எடுத்துக்கொள்வது. அவர் அப்படிச் சொல்லவில்லை. புதுமையைக் குறியாக வைக்காதே என்கிறார். ‘மியர் கிறிஸ்டியானிட்டி’யின் கடைசிப் பக்கங்களில் இதையே வேறு விதமாகச் சொல்வார்: தனித்தன்மையைப் பற்றிக் கவலைப்படுகிறவனுக்கு அது வாய்ப்பதில்லை, உண்மையைச் சொல்ல மட்டும் முயன்றால் பத்துக்கு ஒன்பது தடவை, தனக்கே தெரியாமல் தனித்தன்மை வந்துவிடும்.

வாதத்தில் ஓட்டை எங்கே? எலியட்டின் 1919 கட்டுரை ‘மரபும் தனித்திறனும்’ ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. கவிதை ஆளுமையின் வெளிப்பாடு அன்று, ஆளுமையிலிருந்து தப்பித்தல் என்கிறார் எலியட். கவிஞனைக் காட்சிப் பொருளாக்காதே, மூக்குக்கண்ணாடியாக்கு, அவன் பார்க்கும் திசையில் நீயும் பார் என்கிறார் லூயிஸ். விமர்சகர் டில்யார்டோடு நடத்திய விவாதமான ‘தி பர்சனல் ஹெரஸி’யில் (1939) அது வருகிறது. இருவருக்கும் பொது எதிரி, கவிதையைக் கவிஞனின் சுயசரிதையாக வாசிக்கும் ரொமான்டிக் பழக்கம். எதிரியைச் சரியாக அடையாளம் கண்டிருந்தால் லூயிஸ் எலியட்டைக் கூட்டாளியாகச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. இங்கேதான் பழைய கசப்பு வேலை செய்கிறது என்பது என் கணிப்பு.

அடுத்த இழை அகநோக்கு பற்றியது. இதுதான் அவருடைய எதிர்ப்பில் மிக வலுவான பகுதி என்று தோன்றுகிறது. சாமுவேல் அலெக்சாண்டர் என்ற மெய்யியலாளரின் ‘ஸ்பேஸ், டைம் அண்ட் டீட்டி’ (1920) நூலிலிருந்து லூயிஸ் ஒரு பாகுபாட்டை எடுத்துக்கொண்டார். ஒன்றை நேசிக்கும்போது மனம் அந்தப் பொருளை நோக்கியிருக்கிறது. ‘நான் நேசிக்கிறேனா’ என்று உள்ளே திரும்பிப் பார்த்த கணமே நேசம் நின்றுபோகிறது. கையில் அகப்படுவது அது விட்டுச்சென்ற தடம் மட்டுமே. ஜெபத்திலும் இதுவே நடக்கும். ஜெபிக்கும் தன்னைக் கவனிக்கத் தொடங்கினால் ஜெபம் போய்விடும். ‘கருவிக் கொட்டகையில் ஒரு தியானம்’ (1945) என்ற குறுங்கட்டுரையில் இதற்கு ஒரு காட்சி தருகிறார்: இருட்டுக் கொட்டகையில் கதவிடுக்கு வழியாக விழும் ஒளிக்கற்றையைப் பக்கவாட்டில் நின்று பார்க்கலாம், கண்ணை அதன் பாதையில் வைத்தால் கற்றை மறைந்து, வெளியே இலைகளும் சூரியனும் தெரியும்.

இதை நனவோடை உத்திக்கு, அதாவது மனத்தில் ஓடுவதை ஓடுகிறபடியே எழுதிக்காட்டும் முறைக்குப் பொருத்துங்கள். மில்டனின் காவியம் பற்றி 1942-ல் வந்த ‘எ பிரெஃபேஸ் டு பாரடைஸ் லாஸ்ட்’ நூலில் லூயிஸ் பொருத்துகிறார். சிதறிய, ஒழுங்கற்ற மன ஓட்டமே மனத்தின் உண்மை நிலை என்று நவீனத்துவம் நம்புகிறது. ஆனால் அந்த ஓட்டம் எப்படிக் கண்டெடுக்கப்பட்டது? மனம் வழக்கமாக வெளியே செய்யும் வேலைகளையெல்லாம் செயற்கையாக நிறுத்திவிட்டு, மிச்சம் என்ன கிடக்கிறது என்று பார்த்ததில். உலை அணைத்த அடுப்பைப் பார்த்துவிட்டு, சமையல் என்றால் சாம்பல்தான் என்று முடிவு கட்டுவதுபோல. மனிதன் தனக்கு வெளியே உள்ள ஒன்றை நோக்கியே படைக்கப்பட்டவன் என்ற கோட்பாடு இதன் அடியில் ஓடுகிறது.

ஆனாலும் ஒரு நியாயம் பேச வேண்டும். இந்த அடி நனவோடையின் கொள்கையில் விழுகிறதே தவிர, நல்ல நனவோடை நாவலின்மேல் விழவில்லை. ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ (1922) பதினெட்டுப் பகுதிகள் கொண்டது; நடை மாறிக்கொண்டே போகிறது, ஹோமரின் சட்டகம் பின்னால் நிற்கிறது. அதைவிடக் கறாராகக் கட்டப்பட்ட உரைநடை குறைவு. சிதறலைக் காட்டுவதற்கு எவ்வளவு ஒழுங்கு தேவைப்பட்டது என்பதை லூயிஸ் கணக்கில் எடுக்கவில்லை.

இதே சிக்கலை அவர் நேருக்கு நேர் எடுத்த ஓர் இடம் உண்டு: 1935-ல் அமெரிக்க விமர்சகர் பால் எல்மர் மோருக்கு எழுதிய கடிதம். ‘தி வேஸ்ட் லேண்ட்’ நரகத்தைக் காட்டும் கவிதைதானே என்ற வாதத்துக்கு அவர் பதில், சிதைவைக் காட்டும் கவிதை வேறு, சிதைந்த கவிதை வேறு. தாந்தேயின் நரகம் நரகத்தனமான கவிதை இல்லை, எலியட்டினுடையது அப்படித்தான். அதைப் படித்து எவனும் குழப்பத்துக்கு எதிராக வலுப்பெறுவதில்லை, பெரும்பாலோரைக் குழப்பம் தொற்றிக்கொள்கிறது. ஒரு படைப்பின் உருவமே வாசகனின் ஆன்மாவைப் பழக்குகிறது என்பது இதன் உள்ளிருக்கும் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையின் விரிவுதான் ‘வார்ப்பு எதிர்வினை’ பற்றிய சண்டை. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் மாணவர்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதிய குறிப்புகளை ஆராய்ந்து 1929-ல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ வெளியிட்டார். தாய்மை இனிது, மரணம் கசப்பு என்று அச்சில் வார்த்ததுபோல் எழும் உணர்வுகளை வாசிப்பின் தடைகளில் ஒன்றாக அதில் குறித்தார். லூயிஸ் தலைகீழாகச் சொன்னார். மனித உணர்வின் அந்த அடிப்படை நேர்மை பிறவியிலேயே கிடைப்பது அன்று; பாடுபட்டுப் பழகி வருவது, எளிதில் தொலைவது. பழைய கவிதை அதைத்தான் காத்து வந்தது. மெய்ப்பாட்டை இலக்கணத்தில் வைத்த மொழிக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1943-ல் ஆற்றிய சொற்பொழிவுகளான ‘தி அபோலிஷன் ஆஃப் மேன்’ இதற்கு மெய்யியல் அடித்தளம் போடுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குத் தகுந்த அளவில் அன்பு செலுத்துவதே நற்பண்பு என்ற அகுஸ்தீனின் கருத்தை அங்கே துணைக்கு அழைக்கிறார். அருவியை ‘மாண்புடையது’ என்று சொல்வது பேசுபவனின் மனநிலை பற்றிய செய்தி இல்லை. அந்த அருவி அப்படிப்பட்ட எதிர்வினைக்குத் தகுதி உடையது. புனைவில் இதைப் பார்க்க வேண்டுமானால் 1945-ல் வந்த ‘தட் ஹிடியஸ் ஸ்ட்ரெங்த்’ நாவலில் வரும் அறையைப் பாருங்கள். அளவுகள் சற்றே பிசகிய அறை, கூரையில் ஒழுங்குபோலத் தோன்றி ஒழுங்கில்லாமல் போகும் புள்ளிகள், சுவரில் மீமெய்யியல் (சர்ரியலிச) ஓவியங்கள். வாய்க்குள் மயிர் வளர்ந்த பெண் ஒருத்தி, மேசைக்கடியில் வண்டுகள் ஊரும் கடைசி இராப்போசனம் ஒன்று. இளைஞன் மார்க்கை அங்கே அடைப்பது அவனுடைய இயல்பான உணர்வுகளைக் கொல்வதற்காக. விளைவு நேர்மாறாகிறது: கோணலை நாள்கணக்கில் பார்த்த பிறகு ‘நேர்’ என்று ஒன்று இருப்பது அவனுக்கு முதல்முறையாக உறைக்கிறது. லூயிஸின் நவீனத்துவ எதிர்ப்பு முழுவதும் இந்த ஓர் அறைக்குள் இருக்கிறது, அதன் நியாயமும் மிகையும் சேர்த்து.

பலருக்கும் தெரிந்த லூயிஸின் கேலிக் கவிதை 1954 டிசம்பரில் ‘பஞ்ச்’ இதழில் வந்தது. எலியட்டின் ‘புரூஃப்ராக்’ (1915) மாலைப்பொழுதை மேசையில் மயக்க மருந்து கொடுத்துக் கிடத்திய நோயாளிக்கு ஒப்பிடுகிறது. இருபது வருடம் முறைத்துப் பார்த்தும் எந்த மாலையும் தனக்கு அப்படித் தோன்றவில்லை என்கிறார் லூயிஸ். சிரிப்பு வரும். ஆனால் குறி தப்பிய அம்பு அது. அந்த வரியைச் சொல்வது புரூஃப்ராக் என்ற பாத்திரம். மயங்கிக் கிடப்பது அவன் மனம். பேசும் பாத்திரத்தின் பார்வையைக் கவிதையின் கூற்றாக எடுத்துக்கொள்ளாதே என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவரே அதில் வழுக்கினார்.

இப்போது இரண்டாவது கேள்வி. எலியட் 1927 ஜூன் 29 அன்று ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஃபின்ஸ்டாக் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார், லூயிஸ் மனம் திரும்புவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே. ஒரே விசுவாச அறிக்கையைச் சொன்ன இருவர் இரண்டு அழகியலுக்குப் போனது எப்படி என்றால், அந்த அறிக்கையில் எந்த வரியில் அழுத்தம் கொடுத்தார்கள் என்பதில் வேறுபட்டார்கள். லூயிஸின் அழுத்தம் சிருஷ்டியில்: உலகம் நல்லது, அதில் மதிப்புகள் பொதிந்திருக்கின்றன, பொதுப் பகுத்தறிவும் பொது மொழியும் இன்னும் வேலை செய்கின்றன. 1941 முதல் 1944 வரை பிபிசி வானொலியில் சாதாரண மக்களுக்கு விசுவாசத்தை விளக்கியவருக்கு வேறெப்படி இருக்க முடியும்? எலியட்டின் அழுத்தம் வீழ்ச்சியில், ஒறுத்தலில். ‘நான்கு குவார்டெட்டுகள்’ வரிசையில் சொற்கள் பாரம் தாங்காமல் விரிசல் விடுகின்றன. ஸ்பானிய மறைஞானி சிலுவை அருளப்பரின் இருண்ட வழியில் ஆன்மா எல்லாவற்றையும் இழந்து நடக்கிறது. வார்த்தை மாம்சமானது பாதி மட்டுமே ஊகிக்கப்பட்ட குறிப்பாக வருகிறது. உடைந்த வடிவம் அங்கே அவிசுவாசத்தின் அடையாளம் இல்லை, விழுந்துபோன மொழியின் ஒப்புதல் வாக்குமூலம். கிறிஸ்தவ இறையியலிலிருந்து ஒரே ஒரு இலக்கியக் கொள்கைதான் பிறக்கும் என்று யாராவது சொன்னால் இந்த இருவரையும் காட்டினால் போதும்.

லூயிஸுக்கும் இது தெரியாமல் இல்லை. மில்டன் பற்றிய 1942 நூலில் எலியட்டைக் கடுமையாக மறுக்கிறார்: கவிஞர்களே கவிதைக்கு நீதிபதி என்றால், யார் கவிஞர் என்று தீர்ப்பளிப்பது யார்? அதே இடத்தில், இலக்கியக் கேள்விகளெல்லாம் அற்பமாகிவிடும் அளவு பெரிய விஷயங்களில் தானும் எலியட்டும் ஒன்றே என்றும் எழுதுகிறார். 1959-ல் ஆங்கிலத் திருச்சபையின் சங்கீதப் புத்தகத்தைத் திருத்தும் குழுவில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்தபோது பகை கரைந்து நட்பானது.

லூயிஸின் கடைசிக் காலப் படைப்புகளும் அவருடைய கொள்கைக்கு அடங்கவில்லை. 1956-ல் வந்த ‘டில் வீ ஹேவ் ஃபேசஸ்’ நாவலில் ஒருவல் என்ற அரசி தெய்வங்கள்மேல் குற்றப்பத்திரிகை எழுதுகிறாள். முதல் பாகம் முழுவதும் நம்பிவிடுகிறோம், இரண்டாம் பாகத்தில் அவளே தன் சாட்சியம் பொய் என்று கண்டுகொள்கிறாள். நம்பத்தகாத கதைசொல்லி என்பது நவீன நாவலின் உத்திதான். ‘அன் எக்ஸ்பெரிமென்ட் இன் கிரிட்டிசிசம்’ (1961) காஃப்காவின் ‘கோட்டை’யைத் தொன்மத்தின் ஆற்றலுள்ள கதைகளோடு சேர்த்து மதிக்கிறது.

படிக்கும் வரிசை: முதலில் ‘கிறிஸ்தவமும் இலக்கியமும்’ கட்டுரை, உடனே எலியட்டின் 1919 கட்டுரை. இரண்டையும் ஒரே நாளில் படித்தால்தான் எங்கே சேர்கிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்பது பிடிபடும். பிறகு மில்டன் நூலில் நடையைப் பற்றிய அதிகாரங்கள், ‘தி அபோலிஷன் ஆஃப் மேன்’ முதல் உரை, அதன்பின் ‘டில் வீ ஹேவ் ஃபேசஸ்’. 1933-ல் வந்த ‘தி பில்கிரிம்ஸ் ரெக்ரெஸ்’ஸில் எலியட் மாதிரியானவர்களைக் கிண்டலடிக்கும் பாத்திரங்கள் உண்டு என்று கேள்விப்பட்டு அதில் தொடங்குவோர் பாதியில் விட்டுவிடுவார்கள். பின்னாளில் எழுதிய முன்னுரையில் லூயிஸே அந்த நூலின் குறைகளாகத் தேவையற்ற புரியாமையையும் அன்பில்லாத தொனியையும் சொல்லியிருக்கிறார். புரியாமை, அவர் நவீனத்துவத்தின்மேல் வைத்த அதே குற்றச்சாட்டு.

1954 நவம்பர் 29 அன்று கேம்பிரிட்ஜில் பேராசிரியராகப் பொறுப்பேற்று லூயிஸ் ஆற்றிய தொடக்க உரையைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. எலியட்டின் ‘எ குக்கிங் எக்’ என்ற குட்டிக் கவிதையைப் பற்றி ஏழு பேர் விவாதித்தும் அதன் பொருளில் துளி உடன்பாடும் இல்லை என்று அதில் வருகிறது. இதை வசையாக மேற்கோள் காட்டுவோர் அதிகம். அந்த உரையில் அது நல்லதா கெட்டதா என்று தான் தீர்ப்புச் சொல்லவில்லை என்று லூயிஸ் ஒதுங்கிக்கொள்கிறார். இதற்குமுன் எந்தக் காலத்திலும் இப்படி ஒரு புதுமை இருந்ததில்லை என்பது மட்டுமே அவர் வாதம். இறையியல் நவீனத்துவம் பற்றி அறிய விரும்புவோர் 1959-ல் கேம்பிரிட்ஜ் வெஸ்ட்காட் ஹவுஸில் குருமாணவர்களுக்கு அவர் ஆற்றிய உரைக்குப் போகலாம். யோவான் சுவிசேஷம் கட்டுக்கதை என்போருக்கு அங்கே இலக்கிய வாசகராகவே பதில் சொல்கிறார்: வாழ்நாள் முழுவதும் தொன்மமும் காதற்கதையும் படித்திருக்கிறேன், எதுவும் இப்படி இல்லை, இது கண்டதை எழுதிய குறிப்பு, இல்லையென்றால் பெயர் தெரியாத யாரோ ஒருவர் நவீன யதார்த்த நாவலின் உத்தி முழுவதையும் அக்காலத்திலேயே, முன்னோடியும் இல்லாமல் வாரிசும் இல்லாமல் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

கடைசியாக ‘எ கிரீஃப் அப்ஸர்வ்ட்’. 1960 ஜூலையில் மனைவி ஜாய் இறந்தபின் எழுதிய குறிப்பேடு. துண்டு துண்டாக, முந்தைய பக்கத்தை அடுத்த பக்கம் மறுத்தபடி, தன் துக்கத்தைத் தானே உற்றுப்பார்த்தபடி போகிறது. அகநோக்கு உணர்வைக் கொன்றுவிடும் என்றவர் எழுதிய நூல் அது. 1961-ல் என்.டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில் வந்தது. வெளியிட்டது ஃபேபர் நிறுவனம். அங்கே இயக்குநராக இருந்தவர் எலியட்.